ஏழாவது வீட்டுப் படலை

கதிர்காமத்துக்கு நடந்து போகப்போறன் எண்டு சொன்ன நாளில இருந்து எங்கட தீவில, கரம்பொன் ஊரில எல்லாருக்கும் என்ர முழங்காலில தான் கண். கடைக்குப் போனால், "இராசாத்தி அக்கா, முழங்கால் எப்பிடி?" கிணத்தடிக்குப் போனால், "முழங்கால் எப்பிடி?" இத்தினை வருசமா இந்த முழங்காலோடதான் நான் ஆடு மேய்ச்சனான், காய்ஞ்ச பனங்கிழங்கு ஒடியல் இடிச்சனான், விறகு சுமந்தனான். அப்ப ஒரு நாயும் விசாரிக்கேல்லை. முருகனிட்டைப் போறன் எண்டவுடன தான் எல்லாருக்கும் இரக்கம் பொத்துக்கொண்டு வருது.

முழங்கால் நடக்கும். அதில எனக்கு ஒரு பயமும் இல்லை. என்ர பிரச்சினை வாய்.

விசயம் இதுதான். எனக்கு ஒரே பிள்ளை, நிலுஜா. இரண்டு வருசத்துக்கு முன்னம் மருமோன் லவன்ர மோட்டச்சைக்கிளில யாழ்ப்பாணம் போகேக்க, பண்ணைப் பாலத்தில மாடொண்டு குறுக்க வந்து விழுந்தவை. லவனுக்கு உரஞ்சல் காயம். இவளுக்குத் தலையில அடி. பெரியாசுப்பத்திரியில கண் முழிக்காமல் கிடந்தாள். டொக்டர்மார் வந்து வந்து விளங்கப்படுத்தினவை; எனக்கு ஒண்டும் காதில ஏறேல்லை. வெளியில கிடந்த மரவாங்கில இருந்துகொண்டு, "கதிர்காமத்தானே, இவளைத் திருப்பித் தா. மடிப்பிச்சை எடுத்து, நடந்தே உன்ர வாசலுக்கு வாறன்" எண்டு சொல்லிப்போட்டன். மனதுக்குள்ள சொல்லேல்லை, சத்தமாத்தான் சொன்னனான். என்னோட துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு றோசம்மாவுக்கும் கேட்டது.

பிள்ளை முழிச்சிட்டாள். இப்ப ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறாள். ஆனால் பாலர் பள்ளியில படிப்பிக்கிறாள், சிரிக்கிறாள், என்னோட நல்லாச் சண்டை பிடிக்கிறாள். முருகன் தன்ர பங்கைச் செய்து முடிச்சிட்டான். மிச்சம் நான் செய்யவேண்டியது.

நடக்கிறன் எண்டது சரி. மடிப்பிச்சை எண்டு ஏன் தான் வாயில வந்துதோ! மடிப்பிச்சை எண்டால் சும்மா இல்லை. சீலைத் தலைப்பை ஏந்திக்கொண்டு ஏழு வீட்டு வாசலில, படலையடியில போய் நிண்டு, வாயைத் திறந்து, "பிச்சை போடுங்கோ" எண்டு கேக்கோணும். மாடி வீடு வைச்சிருந்தாலும் கேக்கோணும். கேக்காமல் வாங்கினால் அது பிச்சை இல்லையாம். எங்கட சனம் இதில வெக்கப்படுறேல்லை. வெளிநாட்டில இருந்து வந்து நிக்கிறவையே பட்டுச்சீலையோட கேட்டுக்கொண்டு போவினம். எனக்குத்தான் ஏலாது.

ஏன் ஏலாது எண்டும் சொல்லிப்போடுறன். சண்டைக்குப் பயந்து தீவை விட்டு ஓடி, வன்னி முழுக்க அலைஞ்சு, கடைசியில முகாமில போய் விழுந்தனாங்கள். நிலுஜாவின்ர தேப்பன் அதுக்கு முதலே போயிட்டார். அங்க சாப்பாட்டுக்கு வரிசை. ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல், நான் மட்டும் கோப்பையோட நிண்டன். எனக்கு முன்னுக்கே சோறு முடிஞ்சு போச்சு. "தம்பி, பிள்ளைக்கு மட்டும். அடியில கிடக்கிறதை வழிச்சு ஒரு கரண்டி தாரும்" எண்டு கேட்டன். அந்தப் பொடியன் என்ர முகத்தைப் பாக்காமல் சட்டியைக் கவிட்டுக் காட்டினான். அவனைச் சொல்லி என்ன? அவனும் காய்ஞ்சுபோய்த்தான் நிண்டவன். ஆனால் அண்டைக்கு நான் ஒரு முடிவெடுத்தன். செத்தாலும் இனி ஒருத்தரிட்டையும் வாய் திறந்து கேக்கிறேல்லை. அதுக்குப் பிறகு வீட்டில சீனி முடிஞ்சால் வெறுந்தேத்தண்ணி. பக்கத்து வீட்டு றோசம்மாவிட்டை ஒரு இணுக்குக் கருவேப்பிலை கேட்டிருப்பனே? இல்லை.

அதால நான் ஒரு திட்டம் போட்டன். முருகனை ஏமாத்திப் பேய்க்காட்டுற திட்டம் எண்டு றோசம்மா சொல்லுவாள். பேய்க்காட்டுறதில்லை. சிக்கனம்.

செல்வச்சந்நிதி முருகன் கோயிலில இருந்து வேலோட ஒரு கூட்டம் வெளிக்கிடும். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு எண்டு கரையோரமா நடந்து, உகந்தையில காட்டுக்க இறங்கி, கதிர்காமக் கொடியேத்தத்துக்குப் போய்ச் சேரும். கிட்டத்தட்ட இரண்டு மாசம். வழியில கோயில்களிலயும் வீடுகளிலயும் சாப்பாடு குடுப்பினம். எல்லாரும் அதை நம்பித்தான் போறவை. நான் மட்டும் என்ர சாப்பாட்டை நானே காவிக்கொண்டு போறது. ஒருத்தரிட்டையும் கோப்பை நீட்டத் தேவையில்லை. மடிப்பிச்சைக்கும் வழி கண்டுபிடிச்சன். சாமிப் படத்துக்கு முன்னால நிண்டு, என்ர அரிசியில ஒரு பிடியை நானே எடுத்து நானே என்ர மடியில போட்டால் முடிஞ்சுது. குடுக்கிறதும் நான், வாங்கிறதும் நான். அதில என்ன பிழை?

காசு எண்டு என்னட்டைப் பெரிசா இல்லை. ஒடியல்மாவும் கோழிமுட்டையும் வித்தது பால்மாப் பேணிக்குள்ள கிடக்கு. வழியில மருந்துக்கும், திரும்பி வாற பஸ்ஸுக்கும் அது பத்தாது, காணாது. ஆட்டை விக்கலாம்; வித்துப்போட்டுத் திரும்பி வந்து என்னத்தைத் தின்னிறது? அதால கையில இருக்கிறதை வைச்சே வெளிக்கிடுறது எண்டு நானும் றோசம்மாவும் சாமான் அடுக்கக் குந்தினம். றோசம்மா வேதக்காரி. மடு மாதாவிட்டை எத்தினையோ தரம் நடந்து போய் வந்தவள். அந்தப் பெருமை வேற.

"புதுச் செருப்பு வாங்காதை. மடுவுக்குப் போன அந்த வருசம் மேரிறோஸ் புதுச் செருப்போட வந்து, சங்குப்பிட்டிப் பாலம் தாண்டேல்லை. கால் முழுக்கக் கொப்புளம். பழசைத் தைச்சுப் போடு" எண்டாள்.

"சீலை எத்தினை?"

"இரண்டு. உடுத்தது ஒண்டு, காயிறது ஒண்டு."

"துவாய்?"

"தலைப்பு என்னத்துக்கு இருக்கு? பாரத்தைக் குறையடி!"

சவுக்காரக் கட்டியைப் பாதியா வெட்டினம். சீப்பில கூடப் பாதிதான் கொண்டு போகச் சொல்லியிருப்பாள். ஆனால் சாப்பாட்டில நான் விட்டுக்குடுக்கேல்லை. வறுத்த மா, ஒடியல்மா, அவிச்சுக் காயவிட்ட புழுக்கொடியல், பனங்கட்டி எல்லாத்தையும் நிலுஜாவின்ர பழைய பள்ளிக்கூடப் பையுக்க அடைஞ்சன். றோசம்மா ஒரு கையால தூக்கிப் பாத்திட்டு வைச்சிட்டாள்.

"எடியே, இரண்டு மாசச் சாப்பாட்டை முதுகில காவுறதுக்கு நீ என்ன ஒட்டகமே? ஒட்டகமெண்டாலும் வழியில தண்ணி குடிக்க நிக்கும்."

"உன்ர வாயைப் பொத்து. நான் காவுவன்."

காவிப் பாப்பம் எண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, றோசம்மா பூசை முடிஞ்சு வந்த கையோட, சாட்டிக் கடற்கரை வரைக்கும் நடந்தம். கூட்டத்துக்கு வேல் தூக்கிற ஆழ்வாப்பிள்ளை அண்ணையின்ர வீடு சாட்டிக்குக் கிட்டத்தான். பேரைக் குடுத்த மாதிரியும் இருக்கும், பாரத்தைப் பழகின மாதிரியும் இருக்கும். போகேக்க எனக்கு ஒண்டும் இல்லை. பாதிவழியில தோள் எரியத் தொடங்கிச்சுது. சாட்டிக் கடற்கரையில போய் பையை இறக்கி வைச்சு மூச்சு விடுறன், யாழ்ப்பாணத்தில இருந்து குளிக்க வந்த பிள்ளையொண்டு, கறுப்புக் கண்ணாடியோட, பையுக்க எட்டிப் பாத்து, "அம்மா, புழுக்கொடியல் என்ன விலை?" எண்டு கேக்குது.

"இது விக்கிறதில்லை! கதிர்காமத்துக்குப் போற சாமான்!" எண்டு கத்தினன். அது பயந்து போச்சு.

"வித்துப்போடன். பாரம் குறையும்" எண்டு றோசம்மா மணலில உருண்டு சிரிக்கிறாள். கண்டறியாத சிரிப்பு.

ஆழ்வாப்பிள்ளை அண்ணை நல்ல மனிசன். தேத்தண்ணி தந்தார், முழங்காலைப் பற்றி ஒரு சொல்லும் கேக்கேல்லை. அதுக்கே கும்பிடலாம். பிறகு பையைப் பாத்தார்.

"தங்கச்சி, உதுக்க என்ன? வழியில கடை போடப் போறீரோ?"

"என்ர சாப்பாடு அண்ணை. நான் ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்கமாட்டன்."

அவர் பையை மூடி என்ர பக்கம் தள்ளி வைச்சார். "என்ர கூட்டத்தில தனிப் பை இல்லை, தனிச் சமையலும் இல்லை. கிடைக்கிறது எல்லாம் ஒரு பானைக்க. கிடைக்காட்டி எல்லாருக்கும் பட்டினி. காட்டுக்க இறங்கினாப் பிறகு ஒரு ஆள் மரத்துக்குப் பின்னால நிண்டு தனியத் தின்னத் தொடங்கினால் கூட்டம் உடைஞ்சிடும். அது நான் கண்டு களைச்ச விசயம்" எண்டார். "நீர் உம்மட ஊரில ஏழு வீட்டில மடிப்பிச்சை எடுத்து, அந்த அரிசியோட சந்நிதிக்கு வாரும். எல்லாற்ற அரிசியையும் சேத்துத்தான் முதல் பானை வைக்கிறது. அது இல்லாமல் வாறாக்களை நான் சேக்கிறேல்லை."

"வீட்டு அரிசியைக் கட்டிக்கொண்டு வந்து பிச்சை அரிசி எண்டு தந்தால்?" வாய் சும்மா கிடக்காதே எனக்கு.

"எனக்குத் தெரியவராது," எண்டார் அமைதியா. "உமக்குத் தெரியும்தானே?"

எனக்கு வந்த கோவம்! படலையால வெளியில வந்து அவரையும் திட்டினன், முருகனையும் திட்டினன், றோசம்மாவையும் திட்டினன். மாசக்கணக்கா வறுத்து இடிச்சு அரிச்சு வைச்ச மா எல்லாம் வீண். திரும்பேக்க பஸ்ஸில தான் வந்தம். நடந்தே வந்திருப்பன், ஆனால் முழங்கால்... சரி, முழங்காலும் கொஞ்சம்தான்.

இரண்டு மூண்டு நாள் நான் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. ஆடுகளுக்கு மட்டும் நல்ல பேச்சு விழுந்துது. போகாமல் விட்டால் என்ன எண்டும் யோசிச்சன். முருகன் என்ன, வழக்குப் போடவே போறான்? அப்ப வேலிக்கு மேலால பாக்கிறன், நிலுஜா குடையைப் பிடிச்சுக்கொண்டு, காலை இழுத்து இழுத்து பாலர் பள்ளிக்குப் போறாள். பக்கத்தில இரண்டு வாண்டுகள் அவளின்ர கையைப் பிடிச்சு ஆட்டிக்கொண்டு போகுதுகள். அவளுக்குச் சிரிப்பு அடக்க ஏலாமல் கிடக்கு. என்ர நெஞ்சு அப்பிடியே கரைஞ்சு போச்சு. சரியடா முருகா, எண்டன். கேக்கிறன். கேட்டுத் துலைக்கிறன்.

வெள்ளிக்கிழமை மடிப்பிச்சை எண்டு றோசம்மாவிட்டைச் சொன்னன். றோசம்மாவிட்டைச் சொன்னால் ரேடியோவில சொன்ன மாதிரி. பின்னேரமே நிலுஜா வந்திட்டாள். அவளின்ர வீடு ரெண்டு ஒழுங்கை தள்ளி.

"என்ன கோதாரிக்கு அம்மா இது? லவன் வான் பிடிக்கிறன் எண்டுறார். எல்லாரும் போய்க் கும்பிட்டிட்டு வருவம்."

"நான் வானில வாறன் எண்டு அவனிட்டைச் சொல்லேல்லை."

"நடக்கிறதைப் பற்றி நான் கதைக்கேல்லை. நீங்கள் நடப்பியள், அது தெரியும். உங்களாலை கேக்க ஏலாது. வழியில சோறு போடுற இடத்தில நீங்கள் ஒதுங்கி நிப்பியள். பசிக்கேல்லை எண்டுவியள். பசியோட காட்டுக்குள்ள விழுந்து கிடப்பியள். பிறகு நான் ஆரிட்டை அம்மா நேர்த்தி வைக்கிறது?"

"வெள்ளிக்கிழமை பார், கேக்கிறனோ இல்லையோ எண்டு."

"பாப்பம்" எண்டாள். என்ர பிள்ளைதானே, வீறாப்பு எங்க போகும்?

வெள்ளிக்கிழமை விடிய முழுகி, மஞ்சள் சீலை உடுத்து, திருநீறு பூசி வெளிக்கிட்டன். றோசம்மாவும் கழுத்தில செபமாலையோட படலையில நிக்கிறாள். "உன்னைத் தனிய விட்டால் முதல் வீட்டோட திரும்பி வந்திடுவாய்" எண்டாள்.

முதல் வீடு பரிமளம் ரீச்சர் வீடு. பென்சன் எடுத்து வீட்டோட இருக்கிறா. படலையில போய்த் தலைப்பை ஏந்திக்கொண்டு நிண்டன். ரீச்சர் வந்திட்டா. வாயைத் திறக்கிறன், நாக்கு மேலண்ணத்தில ஒட்டிப்போய்க் கிடக்கு. ஒரு சத்தம் வரேல்லை. முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது.

"என்ன இராசாத்தி, தலைசுத்தோ? தண்ணி தரவோ?"

அப்ப பின்னால இருந்து றோசம்மா ஒரு கூவல் போட்டாள்: "கதிர்காமக் கந்தனுக்கு மடிப்பிச்சை போடுங்கோ!"

ரீச்சருக்குச் சிரிப்புத் தாங்கேல்லை. "எடி றோசம்மா, நீ எப்ப சைவத்துக்கு வந்தனி?"

"நான் வரேல்லை ரீச்சர். இவவின்ர வாய் பழுது, என்ர வாயை வாடகைக்கு விட்டிருக்கிறன்."

ரீச்சர் சிரிச்சுச் சிரிச்சு ஒரு சுண்டு அரிசி அளந்து போட்டா. அடுத்த வீடுகளிலயும் அதே கூத்துத்தான். நான் ஏந்துறது, றோசம்மா கூவுறது. கடல் தொழிலுக்குப் போற மேரிசுகந்தியின்ர மனிசன் கூட வந்து, வேதக்காரி கேட்டுச் சைவத்துக்குக் குடுக்கிறது இதுதான் முதல் தரம் எண்டு பகிடி விட்டிட்டு, பெண்சாதியிட்டைச் சொல்லிச் சிவப்பரிசி போடுவிச்சார். ஒருத்தரும் முகத்தைச் சுழிக்கேல்லை. ஆறு வீடு முடிய மடி நல்ல பாரம். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோசம், ஒரே புளுகம். வாயைத் திறக்காமலே காரியம் முடியப்போகுது. ஏழாவதா மாக்கிறேற் வீட்டுக்குப் போவம் எண்டு ஒழுங்கையால திரும்பினம்.

நிலுஜா தன்ர படலையில சுளகில அரிசியோட நிக்கிறாள். பள்ளிக்கு லீவு போட்டிருக்கிறாள்.

"ஏழாவது வீடு இதுதான் அம்மா."

"சொந்த வீடு கணக்கில வராது. வழியை விடு."

"எனக்குக் கலியாணம் முடிஞ்சு வேற அடுப்பு. வேற வீடுதான்." அவள் அசையேல்லை.

றோசம்மா தொண்டையைச் செருமினாள். "கதிர்காமக்..."

"றோசம்மா அன்ரி, நீங்கள் பேசாமல் நில்லுங்கோ. காட்டுக்க நீங்கள் கூடப் போகப் போறேல்லை." பிறகு என்னைப் பாத்தாள். "நீங்கள் கேளுங்கோ அம்மா. கேட்டால் நானே சந்நிதிக்குக் கூட்டிக்கொண்டு போய் விடுறன். கேக்காட்டி யாத்திரை இந்தப் படலையோட சரி. ஆழ்வாப்பிள்ளை அண்ணைக்கு நானே போன் எடுத்து உங்களைச் சேக்கவேண்டாம் எண்டு சொல்லுவன்."

"எடியே! ஆருக்காகடி நான் இந்த வேசம் போட்டுக்கொண்டு தெருவில நிக்கிறன்? உனக்காகத்தானே!"

"எனக்காகத்தான். அதாலதான் கேளுங்கோ எண்டுறன்."

ஒரு அறை விடலாம் எண்டு வந்துது. இரண்டு கையிலயும் மடி அரிசி. வெயில் ஏறுது, போற வாற சனம் நிண்டு பாக்குது. நான் அவளின்ர முகத்தைப் பாத்தன். அவளின்ர கண் என்னை விடேல்லை. நெத்தி ஓரத்தில அந்தத் தையல் தழும்பு, தலைமயிருக்க போய் மறையுது. அதைப் பாக்கப் பாக்க எனக்கு ஒண்டு விளங்கிச்சுது. கேக்கமாட்டன், கேக்கமாட்டன் எண்டு இவ்வளவு வீறாப்புப் பேசுறன். ஆசுப்பத்திரி வாங்கில இருந்து நான் கேட்டது என்ன? உயிர்ப்பிச்சை. கூச்சமில்லாமல், சத்தமா, பக்கத்தில இருந்தவைக்குக் கேக்கக் கேட்டனான். கேட்டதை அவன் போட்டான். போட்டது இந்தா, சுளகோட என்ர முன்னால நிக்குது.

"தாயே..." எண்டன். எனக்கே கேக்கேல்லை.

"கேக்கேல்லை அம்மா." அவளுக்குக் கண்ணால தண்ணி ஓடுது.

"தாயே! பிள்ளைக்காகக் கதிர்காமத்துக்கு நடந்து போறன்! மடிப்பிச்சை போடம்மா!"

ஊர்காவற்றுறைத் துறையடி வரைக்கும் கேட்டிருக்கும். றோசம்மா பின்னால நிண்டு விக்கி விக்கி அழுறாள். நிலுஜா சுளகை இடுப்பில அணைச்சுக்கொண்டு, கையால அள்ளி என்ர மடியில போட்டாள். பாதி உள்ள, பாதி மண்ணில. திருப்பியும் ஒருக்கா அள்ளிப் போட்டிட்டு, புறங்கையால மூக்கைத் துடைச்சாள்.

"காணுமோ அம்மா?"

காணும் எண்டு சொல்லத்தான் வாய் போச்சுது. இவ்வளவு காலமும் ஆர் என்னத்தை நீட்டினாலும் நான் சொன்ன ஒரே சொல்லு அது.

"காணாது" எண்டன். "இன்னும் ஒரு பிடி போடு."